ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

கண்ணாடிப் போத்தலில் லேபல் ஒட்டுவதற்குப் பால் போதும் என்றால் பலர் சிரிப்பார்கள். தேத்தண்ணிக்கு ஊற்றுகிற அதே பால்தான். கடதாசியின் பின்பக்கம் தூரிகையால் மெல்லிதாகத் தடவி, போத்தலில் வைத்து, பழந்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். போத்தல் மறுபடி தேவைப்படும்போது வெந்நீரில் ஊறப்போட்டால் லேபல் முழுசாகக் கழன்று வரும், சுரண்ட வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டில் வைன் போடுகிறவர்களிடையே இது பழைய வழக்கம்.

அங்கே பலிப்பது திருகோணமலையின் லிங்கநகரில் பலிக்குமா என்பது வேறு கேள்வி. இந்தத் துறைமுகத்துக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். அலுமாரிக்குள் வைத்த கொப்பியே நமுத்துப்போகிற ஊரில், பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த போத்தலின் லேபல் என்ன பாடுபடும்? ஆனால் இந்தச் சோதனைக்கு ஏற்ற பொருள்களும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கோதுமை மா, பால், வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய். லேபல் ஒட்டுவதன் இரசாயனம் முழுவதும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

முதலில், போத்தலுக்குள் இருப்பது என்ன என்று சொல்லிவிடவேண்டும். நத்தார் நெருங்கினால் இலங்கையில் பல வீடுகளில் இஞ்சி வைன் காய்ச்சுவார்கள். பெயரில்தான் வைன். இஞ்சி, சீனி, தேசிக்காய்ப் புளி, கராம்பு, கறுவா போட்டுக் காய்ச்சி வடிக்கிற பானம் அது, மதுசாரம் கிடையாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரு போத்தல் போகிற ஊரில், லேபலில் ‘மதுசாரம் இல்லை’ என்று எழுதியிருப்பது வெறும் அலங்காரம் அல்ல. நெல்லி ரசம், விளாம்பழப் பாகு, தென்னங்கள்ளு வினாகிரி எல்லாம் இந்த வகையில் சேரும். முந்திரிகை வற்றலைப் புளிக்கவைத்து உண்மையான வைனே போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்: 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வதைத் தடுக்கிறது. தமிழர் மத்தியில் வைன் என்றால் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி. அங்கே 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள் வைனும் நெல்லி ரசமும் செய்து பேர்பெற்றவர்கள். நான் எழுதப்போவது போத்தலுக்கு வெளியே ஒட்டுகிற கடதாசியைப் பற்றி மட்டும். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

லேபலின் முதல் எதிரி வியர்வை, அதாவது போத்தலின் வியர்வை. குளிர்ந்த போத்தலின் மேல் படிகிற நீர் உள்ளேயிருந்து கசிவது அல்ல, காற்றிலிருந்து வருவது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கடற்கரை ஊரில் இது அதிசயமில்லை. அந்தக் காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 5 பாகைக்குக் குளிரச்செய்தால் அதனால் 7 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்க முடியும். மிச்சம் நீராக வெளியே வந்தே தீரும். பிரிட்ஜுக்குள் 5 பாகையில் இருந்த போத்தலை வெளியே வைத்ததும் அதைத் தொடுகிற காற்றுக்கு நடப்பது இதுதான்.

எந்த வெப்பநிலையில் காற்று இப்படி நீரைக் கைவிடத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்பார்கள். மேலே சொன்ன நாளுக்கு அது ஏறக்குறைய 25 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். குளிர்நாட்டில், சூடேற்றிய உலர்ந்த அறையில், பனிநிலை பத்துப் பாகைக்கும் கீழே இருப்பது சாதாரணம். நிலவறையிலிருந்து 12 பாகையில் எடுத்துவந்த வைன் போத்தல் அங்கே வியர்க்காது, பாலால் ஒட்டிய லேபலும் அசையாது. இங்கே அதே போத்தல் நனைந்து நிற்கும். வெளிநாட்டுக் கைவினைப் புத்தகத்தில் உள்ள குறிப்பு இங்கே பிழைத்துப்போவதற்குக் காரணம் நம் கைப்பழக்கம் அல்ல, காற்றிலுள்ள நீரின் அளவு.

லேபல் இருக்கிற இடத்தில் நீர் எங்கே படிகிறது என்பதும் கவனிக்கவேண்டியது. கடதாசி துளைகள் நிறைந்த பொருள். நீராவி அதனூடாகப் போய் அடியிலுள்ள குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு அங்கேயும் நீராகிறது. ஆகவே பசை மேலிருந்து மட்டும் நனைவதில்லை, அடியிலிருந்தும் நனைகிறது. லேபலின் ஓரங்கள் முதலில் எழும்புவதும், பிறகு நடுப்பகுதி வழுக்கிக் கீழே இறங்குவதும் அதனால்தான்.

கடதாசியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆலையில் தாள் செய்யும்போது மரநார்க் குழம்பு ஓடுகிற வலையின் மேல் விழுகிறது. நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையில் நீளவாக்காகப் படுத்துக்கொள்கின்றன. ஒரு நார் நனைந்தால் நீளத்தில் ஏறக்குறைய மாறாது. பருமனில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்குகூட ஊதிவிடும். ஆகவே ஈரம் பட்ட தாள் நாரின் குறுக்கே விரியும், நெடுக்கே விரியாது. ஒரு பக்கத்தில் மட்டும் பசை பூசினால் அந்தப் பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரிவதில்லை. தாள் சுருள்கிறது, நனைந்த பக்கம் வெளிவளைவாக, நாரின் திசையை அச்சாகக் கொண்டு.

இதைப் போத்தலில் பொருத்திப் பாருங்கள். நார் மேல்கீழாக ஓடும்படி லேபலை வெட்டியிருந்தால் இடது ஓரமும் வலது ஓரமும் கண்ணாடியை விட்டு விலகப் பார்க்கும். போத்தலின் வளைவு ஒரு பக்கம் இழுக்க, தாள் அதற்கு நேரெதிராக இழுக்கும். நார் போத்தலைச் சுற்றிப் படுக்கும்படி வெட்டியிருந்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமும்தான் எழும்பப் பார்க்கும். ஆனால் தாள் ஏற்கெனவே போத்தலைச் சுற்றி வளைந்திருக்கிறது. ஒரு திசையில் வளைந்த தகடு மறு திசையில் வளைய மறுக்கும். கூரைக்குப் போடுகிற நெளித்தகரத்தின் பலமே அதுதான். எனவே இரண்டாவது முறைதான் சரி. கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீண்ட பக்கத்தின் வழியே ஓடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சதுரத் துண்டை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள். அது குழாயாகச் சுருளும், குழாயின் திசைதான் நாரின் திசை.

இன்னுமொரு சிறிய விஷயம். பசை பூசியவுடன் ஒட்டாமல் ஒரு நிமிடம் பொறுத்தால், ஈரம் தாளின் மறுபக்கம் வரை ஊறி இரண்டு பக்கமும் ஒரேயளவு விரிந்துவிடும். சுருண்ட தாள் தானாக நிமிரும். பிறகு ஒட்டினால் காயும்போது சுருங்கி, தோல் போல இறுகிப் பிடிக்கும். புத்தகம் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனிப் பசை.

திருகோணமலையில் லேபல் ஒட்டுகிறவர் வேறெந்த ஊர்க்காரரையும்விடக் கோதுமை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். துறைமுகத்தின் ஓரத்தில், சீனக்குடாவில், 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா ஆலை ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. கப்பலில் வந்திறங்குகிற கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் போகிறது. பாண், ரொட்டி, இடியப்பம் போக அந்த மாவின் பழைய வேலைகளில் ஒன்று பசை. சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பட்டம் கட்டுகிற பிள்ளைகளும் காய்ச்சுகிற அதே மாப்பசைதான்.

மாவில் பெரும்பகுதி மாப்பொருள். குளிர்ந்த நீரில் அது மணிமணியாக மிதக்கும், ஒட்டாது. 60 பாகையைத் தாண்டும்போது ஒவ்வொரு மணியும் நீரை உறிஞ்சி ஊதி வெடிக்கிறது. உள்ளே சுருண்டிருந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. கலவை சட்டென்று தடித்துக் கண்ணாடி போல மின்னுவது அந்தக் கணத்தில்தான். இந்தச் சங்கிலிகளின் உடம்பெல்லாம் ஐதரொட்சைல் கூட்டங்கள்: ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு கொக்கிகள். கடதாசியின் செலுலோசும் அப்படிப்பட்ட கொக்கிகளால் நிறைந்தது. சுத்தமான கண்ணாடியின் மேற்பரப்பிலும், சிலிக்கனோடு இணைந்து, அவை இருக்கின்றன. நீர் வற்ற வற்ற மூன்றும் நெருங்கி ஐதரசன் பிணைப்புகளால் கோர்த்துக்கொள்கின்றன. தனித்தனியே பார்த்தால் மெலிந்த பிணைப்புகள்தான், எண்ணிக்கையில் அவை கோடானுகோடி.

அந்தப் பலமே பலவீனமும். நீரும் ஐதரசன் பிணைப்பு வல்லது. வியர்த்த போத்தலில் நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து ஒவ்வொரு கொக்கியையும் தாங்களே பிடித்துக்கொள்கின்றன, பசை இளகுகிறது. ஆகவே மாப்பசை அலுமாரியில் வைக்கிற போத்தலுக்கு நல்லது, பிரிட்ஜுக்குப் போகிற போத்தலுக்கு அவ்வளவு நல்லதல்ல. இந்த ஊரில் அதற்கு வேறொரு தொல்லையும் உண்டு: கரப்பான், இராமபாணம், பூஞ்சணம் எல்லாவற்றுக்கும் அது சாப்பாடு. புத்தகம் கட்டுகிறவர்கள் மாப்பசையில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. அது நஞ்சு. வாயில் வைக்கிற பொருள் உள்ள போத்தலுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

முருங்கைப் பிசின், விளாம்பிசின் இரண்டும் இதே குடும்பம்தான்; சங்கிலிகள் வேறு, கொக்கிகள் ஒன்றே. கடையில் வாங்குகிற வெள்ளைப் பைண்டர் கம் வேறு வகை. பொலிவைனைல் அசிற்றேற்று என்ற பிளாஸ்திக்கின் நுண்துளிகள் நீரில் மிதக்கிற பால் அது. நீர் போனதும் துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாகின்றன. பிடி உறுதிதான், ஆனால் நனைந்தால் வெளுத்துப்போய் மெதுவாக இளகும். உரிக்கும்போது சவ்வாக இழுபடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இப்போது பாலுக்குத் திரும்புவோம். ஒரு லீற்றர் பசும்பாலில் ஏறக்குறைய 33 கிராம் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். கேசின் மூலக்கூறுகள் தனித்தனியாக இருப்பதில்லை. கல்சியம் பொசுபேற்றால் கட்டப்பட்டு நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டிருக்கின்றன. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் அவற்றில் ஐயாயிரத்தை வரிசையாக வைக்கலாம். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதும் பால் வெள்ளையாக இருப்பதற்கு ஒரு காரணம். இந்த உருண்டைகளில் நீரை விரும்புகிற பகுதியும் உண்டு, நீரை வெறுக்கிற பகுதியும் உண்டு. காயும்போது முதலாவது பகுதி கண்ணாடியையும் கடதாசியையும் பிடிக்க, இரண்டாவது தனக்குள் நெருங்கி நீருக்கு வழி விடாமல் அடைத்துக்கொள்கிறது. ஒரே அளவு தடிப்பாகப் பூசினால் மாப்பசையைவிடக் கேசின் பசை குளிர்ந்த ஈரத்தைத் தாங்குவது இதனால்.

ஆனால் வெறும் பாலில் கேசின் மிகக் குறைவு, கொழுப்பு வேறு குறுக்கே நிற்கும். கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கொஞ்ச நீரில் தடிப்பாகக் குழைத்தால் நிலைமை மேலும் நன்றாகும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் நினைவுக்கு வரலாம். வேண்டாம், எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல் இருமடங்கு அளவுக்கு இருக்கும். அந்தத் தயிரைச் சீனியோ கித்துள் பாணியோ விட்டுச் சாப்பிடுவதுதான் முறை.

பிரிட்ஜிலும் ஐஸ் தண்ணியிலும் நிற்கிற லேபல் வேண்டுமென்றால் ஒரு படி மேலே போகவேண்டும். கொழுப்பு நீக்கிய பாலை இளஞ்சூடாக்கித் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விடுங்கள். அமிலத்தன்மை பிஎச் 4.6 அளவுக்கு வரும்போது கேசின் உருண்டைகளின் மேலுள்ள மின்னேற்றம் சமப்பட்டு, ஒன்றையொன்று தள்ளுகிற வலு இல்லாமல் போய் அவை திரிந்து விழுகின்றன. துணியில் வடித்து, நீரில் அலசி, நன்றாகப் பிழிந்தெடுத்தால் கையில் இருப்பது ஏறக்குறைய சுத்தமான கேசின். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்தால், உதிரியாக இருந்த திரளை மினுமினுப்பான பசையாக மாறுவதைக் காணலாம். சுண்ணாம்பு காரம், அது கேசினைக் கரைக்கிறது. அதே வேளையில் அதிலுள்ள கல்சியம், அடுத்தடுத்த கேசின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பாலமிட்டுக் கட்டுகிறது. காய்ந்தபின் இந்தக் கட்டு குளிர்ந்த நீருக்கு எளிதில் அசையாது. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே பயன்படுத்திவிடவேண்டும். சில மணி நேரத்தில் சட்டியிலேயே இறுகிப்போகும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வீட்டு விளையாட்டு மட்டும் அல்ல. முதலாம் உலகப்போர்க் காலத்து மரவிமானங்களின் ஒட்டுப்பலகைகளைப் பிடித்துவைத்ததும் கேசின் பசைதான். இரண்டாம் உலகப்போரில் ‘மொஸ்கிட்டோ’ என்ற மரவிமானத்துக்கும் முதலில் அதையே பயன்படுத்தி, பின்னர் போமல்டிகைட்டுப் பசைக்கு மாறினார்கள். சூடும் ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்த வெப்பமண்டலத்தில் பால்புரதம் நெடுநாள் தாங்காது. விமானம் ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டும். இஞ்சி வைன் போத்தல் தைப்பொங்கல் வரை நின்றாலே பெரிய காரியம்.

பியர் ஆலைகளில் இந்தப் பசை பல தலைமுறைகளாக ஆண்டது. இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. காரணம், பியர்ப் போத்தல் லேபலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நிபந்தனைகள். ஐஸ் வாளியில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் லேபல் அசையக்கூடாது. அதே போத்தல் காலியாகி ஆலைக்குத் திரும்பி வரும்போது, கழுவுகிற இயந்திரத்தில் சில நிமிடங்களில் லேபல் துண்டு துண்டாகாமல் கழன்று விழவேண்டும். பலமான பசை முதலாவதைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. பலவீனமான பசை இரண்டாவதை மட்டும் செய்யும். கேசின் இரண்டையும் செய்கிறது, ஏனென்றால் அதற்குக் குளிர்நீர் வேறு, சூடான காரநீர் வேறு. கழுவும் தொட்டியில் உள்ளது எரிசோடா கலந்த, 70, 80 பாகைச் சூடான நீர். அந்தக் காரத்தில் கேசின் கரைந்துவிடுகிறது.

வீட்டில் எரிசோடா வேண்டாம், சலவைச் சோடா போதும். சோடியம் காபனேற்று என்ற அந்தத் தூளைச் சுடுநீரில் கரைத்துப் போத்தலை ஊறப்போடும்போது நடப்பது ஓர் அழகான கொடுக்கல் வாங்கல். காபனேற்று, கேசினைக் கட்டியிருந்த கல்சியத்தைப் பிடித்துச் சுண்ணக்கல்லாக்கி ஒதுக்குகிறது. அந்த இடத்துக்குச் சோடியம் வருகிறது. சோடியத்துக்குப் பாலம் போடத் தெரியாது. சோடியத்தோடு சேர்ந்த கேசின் நீரில் கரைகிறது, லேபல் மிதக்கிறது. சுண்ணாம்பு போட்ட பூட்டைச் சோடா திறக்கிறது.

ஸ்டிக்கர் இதற்கு நேர்மாறு. 1935இல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி தொடங்கிய தானொட்டி லேபல்தான் இன்று உலகெங்கும் கிடைப்பது. அதன் பசை காய்வதே இல்லை. அது எப்போதும் பாதி திரவம், பாதி திண்மம். மெல்ல அழுத்தினால் ஓடிப் பரவிக் கண்ணாடியின் ஒவ்வொரு நுண்பள்ளத்தையும் நிரப்பும். சட்டென்று இழுத்தால் திண்மம் போல எதிர்க்கும். நீரில் அதற்கு அக்கறை இல்லாததால் வியர்வை அதை அசைக்காது. உரிக்கிறபோதும் நீரால் எந்தப் பயனும் இல்லை. கடதாசி கிழிந்து வர, பிசுபிசுப்பு போத்தலிலேயே தங்கிவிடும். அதற்கு மருந்து தேங்காயெண்ணெய். எண்ணெய் அந்தப் பிசுபிசுப்புக்குள் ஊறி அதை ஊதச்செய்து கண்ணாடியில் உள்ள பிடியை விடுவிக்கும். தடவிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. ஆனால் ஆண்டுதோறும் திருப்பித் திருப்பிப் பாவிக்கிற போத்தலுக்கு ஏன் இந்த வேலை? என் கணக்கில் ஸ்டிக்கர், திரும்பி வராத போத்தலுக்கு உரியது.

ஒட்டாமலே லேபல் போடுகிற வழியும் உண்டு. பழைய சோடாப் போத்தல்களில் பெயர் நேரே கண்ணாடியில் அச்சிட்டிருக்குமே, அது சாயம் அல்ல. நிறமூட்டிய, எளிதில் உருகுகிற கண்ணாடித் தூளை அச்சிட்டு, ஏறக்குறைய 600 பாகையில் சூளையில் வாட்டி, போத்தலோடு உருக்கிச் சேர்த்தது. கண்ணாடிமேல் கண்ணாடி. எத்தனை முறை கழுவினாலும் போகாது. வீட்டில் செய்ய முடியாது.

பசை எதுவானாலும் போத்தல் சுத்தமாக இல்லையென்றால் எல்லாம் வீண். கையிலுள்ள எண்ணெய்ப் பசையே போதும், கண்ணாடியின் கொக்கிகளை மூடிவிட. கழுவிய போத்தலில் நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். காய்ந்தபின், அறை வெப்பத்துக்கு வந்த போத்தலில் ஒட்டவேண்டும். குளிர்ந்த போத்தலில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும், பசை கண்ணாடியைத் தொடாமல் அந்த நீரைத்தான் தொடும். ஒட்டி நன்றாகக் காய்ந்ததும், ஒருநாள் கழித்து, லேபலின் மேல் வெள்ளை மெழுகுதிரியால் ஓரங்கள் உட்பட மெல்லத் தேய்த்துவிடுங்கள். மேலிருந்து வருகிற நீருக்கு அது தடை. காயுமுன் தேய்த்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் மெழுகு, நடுவில் பசை என்றைக்கும் காயாது.

மைக்கு வருவோம். நல்ல பசையால் ஒட்டியும் எழுத்து கரைந்து ஓடினால் என்ன பயன்? வீட்டு இன்க்ஜெட் அச்சுப்பொறிகளில் பல பாவிப்பது நீரில் கரையும் சாயம். ஒரு துளி பட்டால் ‘இஞ்சி’ என்ற எழுத்து ஊதா நிறக் கறையாகும். போட்டோக் கொப்பியும் லேசர் அச்சும் அப்படியல்ல. 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் செஸ்டர் கார்ல்சன் முதன்முதலாக எடுத்த உலர்பிரதியின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றில் மையே இல்லை. நிறமேற்றிய பிளாஸ்திக் தூளை மின்னேற்றத்தால் தாளில் இழுத்துப் பிடித்து, சூடான உருளையால் உருக்கி அழுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்திக்கை நீர் எதுவும் செய்யாது. ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் வேண்டியபடி வரைந்து, கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து, “தம்பி, இதை லேசர்ல எடுத்துத் தாங்கோ” என்றால் போதும். வேண்டுமானால் வெளிக்கோடுகளை மட்டும் கொப்பி எடுத்து, பிள்ளைகளிடம் மெழுகுக் கலர்களைக் கொடுத்து நிறம் தீட்டச் சொல்லலாம். அந்த மெழுகும் நீரைத் தள்ளும்.

திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். இது சிக்கனத்துக்காகச் சொல்வது அல்ல. பென்சிலின் காரீயம் காபனின் ஒரு வடிவம்; நீரிலும் கரையாது, மதுசாரத்திலும் கரையாது, வெயிலில் வெளுக்கவும் செய்யாது. அருங்காட்சியகங்களில் மீனையும் பாம்பையும் மதுசாரத்தில் போட்டு வைக்கிற சாடிகளுக்குள்ளேயே ஒரு துண்டுக் கடதாசி கிடக்கும். அதில் பென்சிலாலோ காபன் மையாலோ எழுதிய எழுத்து நூறாண்டு கழித்தும் படிக்கக் கிடைக்கிறது.

சாடியில் எழுதுகிற பழக்கம் கடதாசியைவிடப் பழையது. எகிப்தில் 1922இல் திறந்த துட்டன்காமுனின் கல்லறையில் கிடைத்த வைன் சாடிகளில், அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தத் தோட்டம், வடித்த தலைமைத் தொழிலாளி யார் என்று மையால் எழுதியிருந்தார்கள். 3,300 ஆண்டுகளுக்கு முந்திய லேபல். இன்றைய விலையுயர்ந்த வைன்களும் இதே மூன்றைத்தான் எழுதுகின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் சொல்கிறார். அந்த மது வந்த மத்தியதரைச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. எதிர்த்திசையில், செங்கடற்கரையின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் சாத்தன், கணன் என்ற பெயர்கள் கீறியிருக்கின்றன. பசையும் வேண்டாம், கடதாசியும் வேண்டாம்; சுட்ட மண்ணில் கீறியது ஈராயிரம் ஆண்டு கழிந்தும் அழியவில்லை.

வீட்டுப் போத்தலில் என்ன எழுதவேண்டும்? பொருள், செய்த திகதி, மதுசாரம் உண்டா இல்லையா, பிரிட்ஜில் வைக்கவேண்டுமா. விற்கப்போவதாக இருந்தால் கதை வேறு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன்கீழ் வந்த லேபல் ஒழுங்குவிதிகளும் உங்களைக் கட்டுப்படுத்தும்; உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். புளிக்கவைத்த எதையும் இறுக மூடி வைத்திருந்தால் திகதி இன்னும் முக்கியம். நொதித்தல் ஓயுமுன் அடைத்த போத்தலுக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் கண்ணாடி வெடிக்கும்.

தீர்ப்பு இவ்வளவுதான். அலுமாரிக்குப் போகிற போத்தலுக்கு மாப்பசையோ பாலோ. பிரிட்ஜுக்குப் போகிறதற்குச் சுண்ணாம்பு சேர்த்த கேசின். நார் போத்தலைச் சுற்றிப் படுக்கட்டும், அச்சு லேசராக இருக்கட்டும், மேலே மெழுகு.

பசை காய்ச்சுகிற அன்று இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகக் காய்ச்சுங்கள். நம் வீடுகளில் வெறும் சோடாப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் மண்ணெண்ணெய், பினாயில், தின்னர் எல்லாம் பெயரில்லாமல் நிற்கின்றன. தாகத்தில் கைக்கு எட்டியதைக் குடித்துவிடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு நம் ஆஸ்பத்திரிகள் பழகிப்போனவை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு லேபலும் காவல் அல்ல. ஆகவே அவற்றைக் குடிபானப் போத்தலில் ஊற்றாதீர்கள்; ஊற்றியிருந்தால் இன்றைக்கே பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படியும் ஒரு பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு.